மாற்றுத்திறன் பிள்ளையைப் பொது வகுப்பறையில் சேர்க்கிறீர்களா? ஆசிரியரிடம் பேசுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? அந்தப் பிள்ளைக்குப் பார்வையிலோ, காதிலோ, நடையிலோ, பேச்சிலோ, கற்றலிலோ சிரமம் இருக்கிறதா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதுகிறேன்.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். வாக்கர் பிடித்து நடப்பாள். அவள் பேசுவது புதியவர்களுக்குச் சட்டென்று புரியாது, எழுத அதிக நேரம் எடுக்கும். கணக்கு நன்றாக வரும். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து படிக்கிறாள். "சட்டம் உங்க பக்கம் இருக்கு" என்று சொன்னவர்கள் நிறைய பேர். எந்தக் காகிதத்தை எப்போது வாங்குவது, தயங்குகிற ஆசிரியரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் இடம் வாங்கித் தருவது சட்டம். ஆனால், காலை ஒன்பதரை முதல் மாலை நாலு மணி வரை பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பது வகுப்பாசிரியர் கையில் இருக்கிறது. அவருடைய தயக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் பயம். அந்தப் பயத்துக்கு நியாயமும் உண்டு. பல தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். இரண்டாண்டு பி.எட். வந்த பிறகுதான் உள்ளடக்கிய கல்வி, அதாவது மாற்றுத்திறன் பிள்ளைகளையும் பொது வகுப்பில் சேர்த்துக் கற்பிப்பது, பி.எட். படிக்கும் எல்லோருக்கும் ஒரு பாடமானது. அதற்கு முன் படித்தவர்களில் பலர் இப்படி ஒரு பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று பயிற்சிக் கல்லூரியில் கேட்டதே இல்லை. அவரை எதிராளியாக நினைத்துக்கொண்டு பள்ளி வாசலை மிதிக்காதீர்கள்.

1. ஜனவரியிலேயே காகிதங்களைத் தொடங்குங்கள்

முதல் வேலை யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. ஸ்வாவலம்பன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. இ-சேவை மையத்துக்குப் போனால் சிறு சேவைக் கட்டணம் வாங்குவார்கள். பிள்ளையின் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, கையெழுத்து அல்லது கைரேகை, கையில் இருக்கிற மருத்துவச் சீட்டுகள் வேண்டும். விண்ணப்பித்த பிறகு மருத்துவக் குழு முன்னால் பிள்ளையை நேரில் கொண்டுபோக வேண்டும். அந்தக் குழு எந்தக் கிழமையில், எந்த மருத்துவமனையில் உட்காரும் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டியுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். போகிற நாளில் காலையிலேயே போய்விடுங்கள், பிள்ளைக்குச் சாப்பாடும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டை மூன்று நிறத்தில் வரும். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80 வரை மஞ்சள், 80க்கு மேல் நீலம். உதவித்தொகைகள் பெரும்பாலும் 40 சதவீதத்திலிருந்துதான் தொடங்கும். கைக்கு வர மூன்று மாதம்கூட ஆகலாம். ஜனவரியில் தொடங்கச் சொல்வது அதனால்தான்.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

அட்டை இல்லாமல் பள்ளியில் சேர்க்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அட்டை உதவித்தொகைக்கும் தேர்வுச் சலுகைக்கும் வேண்டும். சேர்க்கைக்கு வேண்டியதில்லை.

குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது டிஸ்லெக்ஸியா போன்றவை என்றால், எட்டு வயதுக்கு முன்னால் சான்று தரமாட்டார்கள். ஒன்றாம் வகுப்பிலேயே சந்தேகம் வந்தால் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். படிப்பில் உதவியை உடனே தொடங்கலாம்.

சிறு பிள்ளைகளுக்குத் தரும் சான்று சில நேரம் தற்காலிகமானது. அதில் முடிவு தேதி இருக்கும். வாங்கிய அன்றைக்கே அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

பிள்ளைக்கு என்ன சிரமம் என்றே இன்னும் தெளிவாகத் தெரியாதவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. உளவியல் சோதனை, பேச்சுப் பயிற்சி, இயன்முறை மருத்துவம் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். தனியாரிடம் இதே மதிப்பீட்டுக்குச் சில ஆயிரங்கள் போய்விடும்.

அட்டையோடு பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்று, நான்கைந்து பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுவையுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்துவிடுங்கள். அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

2. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைவிட ஆசிரியரைப் பாருங்கள்

சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறைக் கதவு வாக்கரோ சக்கர நாற்காலியோ நுழையும் அளவுக்கு அகலமா, தண்ணீர்க் குழாய் பிள்ளைக்கு எட்டுமா, ஒன்றாம் வகுப்பு தரைத்தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாய்தளம் கட்டியிருப்பார்கள், அதன் முன்னால் இருசக்கர வண்டிகள் நிற்கும். அதையும் கவனியுங்கள்.

அதற்குப் பிறகு, பள்ளி நடக்கிற நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளையிடம் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார்? தப்பாகச் சொன்ன பிள்ளை திரும்பவும் கை தூக்குகிறதா? எந்தச் சான்றும் சொல்லாத விவரம் இது. நான் பார்த்த வரையில், மெதுவாகப் படிக்கும் பிள்ளையிடம் பொறுமையாக இருக்கும் ஆசிரியர் மாற்றுத்திறன் பிள்ளையிடமும் பொறுமையாக இருக்கிறார். அவருக்குத் தனிப் பயிற்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தனியார் பள்ளி என்றால் ஒரு வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் மாற்றுத்திறன் பிள்ளைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்டோர்' பிரிவில் வருவார்கள். 2012 திருத்தத்திலிருந்து இப்படித்தான். இந்தப் பிரிவுக்கு வருமானச் சான்று வேண்டியதில்லை. விண்ணப்பம் இணையத்தில்தான். வழக்கமாகக் கோடையில் திறக்கும், ஆனால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அதனால் ஏப்ரல் தொடங்கியதும் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருங்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். முகவரிச் சான்றில் பழைய விலாசம் இருந்தால் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது.

3. சேர்க்கை நாளில் 'முடியாது' என்ற சொல் வராது, வேறு சொற்கள் வரும்

அரசுப் பள்ளிகளில் அண்மை ஆண்டுகளில் மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. முதல் வாரத்திலேயே போங்கள். ஜூனில் போனால் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள், நின்று பேச நேரம் கிடைக்காது.

நேரடியாக மறுப்பவர்கள் குறைவு. "இங்க அதுக்கான வசதி இல்லைங்களே", "சிறப்புப் பள்ளியில போட்டா பிள்ளைக்கு நல்லதுதானே", "ஒரு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க", "ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுப் பார்க்கிறோம்" என்பார்கள். கேட்க நல்ல மனதோடு சொல்வதுபோல இருக்கும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடில்லாமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தேவையான வசதியைச் செய்துகொடுப்பதும் பள்ளியின் பொறுப்பு. 31ஆம் பிரிவுப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. அந்த விருப்பம் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உரியது, தலைமையாசிரியருக்கு உரியதில்லை. சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்புவதை 14ஆம் பிரிவும், ஆண்டு தொடங்கிவிட்டது என்று திருப்பி அனுப்புவதை 15ஆம் பிரிவும் தடுக்கின்றன.

ஆனால் இந்தப் பிரிவு எண்களை முதல் நாளே மேசையில் போட்டு அடிக்காதீர்கள். சட்டத்தைக் காட்டி உள்ளே நுழைந்தால் பிள்ளை சேர்ந்துவிடும், ஆசிரியர் மனம் மூடிக்கொள்ளும். முதலில் பேசுங்கள். பேச்சு நகரவில்லை என்றால் சேர்க்கை விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்துக் கேளுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பல மறுப்புகள் காணாமல்போகும்.

சேர்த்த பிறகு ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள். பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களைக் கணினியில் வைத்திருக்கும் எமிஸ் பதிவில் பிள்ளையின் குறைபாடு சரியாக ஏறியிருக்கிறதா? மாற்றுத்திறன் பிள்ளை என்று அதில் பதிவாகாவிட்டால் உபகரணம், பயணப்படி, சிறப்புப் பயிற்றுநர் வருகை எதுவும் உங்கள் பிள்ளையைத் தேடி வராது. குறைபாட்டின் வகையைத் தவறாகப் பதிந்துவிடுவதும் நடக்கிறது. திரையில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

4. வகுப்பாசிரியருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தடிமனான மருத்துவக் கோப்பை ஆசிரியரிடம் நீட்டினால் அவர் பயம் கூடும். அதில் இருப்பது நோயின் பெயர்கள். அவருக்கு வேண்டியது நாளைக் காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்பது.

நான் எழுதிக் கொடுத்த பக்கம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

'கயல் பேசுவது முதலில் புரியாது. ஒருமுறை திரும்பச் சொல்லச் சொன்னால் சொல்வாள், வருத்தப்பட மாட்டாள். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்குத் தலையசைப்பாள். கரும்பலகையைப் பார்த்து எழுத அவளுக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு நேரம் ஆகும். ஐந்து வரிக்குப் பதில் ஒரு வரி எழுதினால் போதும், மீதியை வாயால் சொல்வாள். சம்மணம் போட்டு உட்கார முடியாது, கால் பாதம் தரையில் படும்படி நாற்காலி வேண்டும். பதினோரு மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு நினைவூட்டினால் போதும், கதவைப் பிடித்துக்கொண்டு அவளே போய் வருவாள். வலிப்பு வருவதில்லை. விழுந்தால் பயப்பட வேண்டாம், அவளே எழுந்துகொள்ளட்டும். அழுதால் எனக்கு ஒரு போன் போதும். அவளுக்குப் பிடித்தது: கூட்டல் கணக்கு, விடுகதை.'

பெயர் மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் உண்மை. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பிள்ளையால் முடியாதவற்றை மட்டும் படித்த ஆசிரியருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது.

காது கேளாத பிள்ளை என்றால், ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் உதட்டைப் பார்க்க முடியாது என்று எழுதுங்கள். கேட்புக் கருவியின் பேட்டரி தீர்ந்தால் பிள்ளை எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் சேருங்கள். ஆட்டிசம் என்றால் எந்தச் சத்தம் பிள்ளையைக் கலங்கவைக்கும், மணி அடிக்கும் முன் சொல்லிவைத்தால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று எழுதுங்கள். பார்வைக் குறைபாடு என்றால் முதல் வரிசை, பெரிய எழுத்து, சன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பது வரைக்கும் சொல்லுங்கள். வலிப்பு உண்டு என்றால் மறைக்காதீர்கள். வந்தால் என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடமே எழுதி வாங்கி, அதன் நகலைத் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள்.

பக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பள்ளி விடும் நேரத்துக்குப் பிறகு நல்லது, வகுப்புக்கு முன்னால் வேண்டாம். அவருடைய பயங்கள் வெளியே வரட்டும். எனக்கு வந்தவை இவை.

"விழுந்து அடிபட்டா யார் பதில் சொல்றது? நான்தானே மாட்டிக்குவேன்?" மிகப் பெரிய பயம் இதுதான். 'சாதாரணமாக விழுந்து அடிபட்டால் ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன், உடனே தகவல் சொன்னால் போதும்' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் பள்ளி தானே அச்சடித்து நீட்டும் 'எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல' என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

"ஆய்வுக்கு வந்தா இந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியுமான்னு கேப்பாங்களே?" எமிஸில் மாற்றுத்திறன் பிள்ளை என்று பதிந்திருப்பதும், சிறப்புப் பயிற்றுநர் எழுதித் தரும் தனிக் கற்றல் திட்டமும் ஆசிரியருக்குத்தான் பாதுகாப்பு என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு வைத்த இலக்கு எது, அதில் எவ்வளவு வந்திருக்கிறது என்று அவர் காட்டலாம்.

"நாப்பது பிள்ளைங்க இருக்காங்க, இவளை மட்டும் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?" முடியாது, அது நியாயம். இதற்கு உதவியது பள்ளியில் ஏற்கெனவே நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' முறை. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து வேலை கொடுக்கிறார்கள். ஆக, வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்வது ஏற்கெனவே கிடையாது. தமிழில் அரும்பிலும் கணக்கில் மொட்டிலும் இருக்கிற பிள்ளையாக என் மகளைப் பாருங்கள் என்று கேட்டேன். அவளுக்கென்று புதிதாக ஒரு முறையை ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. எழுதச் சொன்ன இடத்தில் எழுத்து அட்டைகளைப் பரப்பிவைத்து 'மா எங்கே, மரம் எங்கே' என்று கேட்டார். அவள் விரலை வைத்தாள். தெரியாது என்று நினைத்திருந்த சொற்கள் அவளுக்குத் தெரிந்திருந்தன. அன்றைக்கு அந்த ஆசிரியர் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தி, "இவ்வளவு நாளா எழுதலைன்னா தெரியலைன்னு நினைச்சுட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் நான் எதையும் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மனம் மாறுவது பயிற்சிக் கூட்டத்தில் அல்ல, பிள்ளை பதில் சொல்கிற அந்த நிமிடத்தில்தான். அந்த நிமிடம் சீக்கிரம் வர வழி செய்வது நம் வேலை.

உட்காரும் இடத்தையும் சொல்ல வேண்டும். தொடக்க வகுப்புகளில் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்காருவார்கள். இவள் மட்டும் உயரமான நாற்காலியில், வட்டத்துக்கு வெளியே. தச்சரிடம் கொடுத்துப் பழைய மர நாற்காலியின் கால்களைக் குறைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, முன்னால் ஒரு பலகை மாட்டிக் கொடுத்தோம். வட்டத்துக்குள் வந்துவிட்டாள். எந்த உயரம் சரி என்று இயன்முறை மருத்துவரிடம் அளவு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. மறுப்பைவிட இரக்கத்துக்கு அதிகம் பயப்படுங்கள்

"பாவம், அவ சும்மா உக்காரட்டும். நான் ஒண்ணும் சொல்றதில்லை." இப்படிச் சொல்கிற ஆசிரியர் கெட்டவர் இல்லை. பிள்ளையைக் கொஞ்சுவார், தன் சாப்பாட்டைக்கூடப் பகிர்ந்துகொடுப்பார். ஆனால், கேள்வி கேட்க மாட்டார், வீட்டுப்பாடம் தர மாட்டார், நோட்டைத் திருத்த மாட்டார். பெற்றோருக்குப் புகார் சொல்லவும் வாய் வராது. பிள்ளை தேர்ச்சி பெற்றுக்கொண்டே போகும். ஐந்தாம் வகுப்பில் நிமிர்ந்து பார்த்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்த பெற்றோர்களில் அதிகம் பேர் விழுந்தது இந்தக் குழியில்தான். மறுத்தால் சண்டை போடலாம், அன்பாக ஒதுக்கிவைப்பவரிடம் என்ன சண்டை போடுவது?

அடையாளங்களைச் சொல்கிறேன். வாரக் கடைசியில் நோட்டைத் திறந்து பாருங்கள். சிவப்பு மை இருக்கிறதா? பிள்ளையின் எழுத்தா, பக்கத்துப் பிள்ளை எழுதிக் கொடுத்ததா? 'இன்னைக்கு டீச்சர் உன்னை என்ன கேட்டாங்க' என்று தினமும் கேளுங்கள். 'ஒண்ணும் கேக்கலை' என்ற பதில் தொடர்ந்து வந்தால் பள்ளிக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

போனால் குற்றச்சாட்டாகப் பேசாமல் சிறிதாக ஒன்றைக் கேளுங்கள். "ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி அவகிட்ட கேளுங்க டீச்சர், தப்பா சொன்னாலும் பரவாயில்லை. மத்தவங்க மாதிரி அவளையும் திருத்துங்க." இதை மறுத்தவரை நான் பார்க்கவில்லை. திட்டவும் சொல்லுங்கள். சேட்டை செய்தால் மற்றவர்களைக் கண்டிப்பதுபோல இவளையும் கண்டிக்கட்டும். ஆனால் அடிப்பதும் மனதைப் புண்படுத்துவதும் எந்தப் பிள்ளைக்கும் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது.

6. வட்டார வள மையத்தை உங்கள் பள்ளிக்கு வரவழையுங்கள்

ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையம் இருக்கிறது. பள்ளியில் 'பி.ஆர்.சி.' என்றால் தெரியும். அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறை மருத்துவர் இருப்பார்கள். பள்ளி ஆயத்தப் பயிற்சி, பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி ஆகியவையும் இவர்கள் வழியாகத்தான். ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துவார்கள். அடையாள அட்டை, சக்கர நாற்காலி, கேட்புக் கருவி, காலணி போன்றவற்றுக்கு அங்கேயே அளவெடுத்துப் பதிவார்கள். அளவெடுத்த பிறகு பொருள் கைக்கு வர மாதங்கள் ஆகும், வளரும் பிள்ளைக்கு அளவு மாறிவிடலாம். தேதி குறித்துவைத்துக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இங்கே ஒரு நடைமுறை உண்மை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் பத்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று அளவு சொன்னது. களத்தில் ஒரு பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார். அதனால் அவர் வருகிற நாளை முன்கூட்டியே கேட்டு, அன்று விடுப்பு எடுக்காமல் பிள்ளையை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் போங்கள்.

அவர் பிள்ளையைத் தனியறைக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனால் பாதிப் பயன்தான். வகுப்புக்குள்ளேயே ஒரு பாட வேளை இருந்து, வகுப்பாசிரியர் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். 'நீங்க சொல்றதை நான் சொன்னா டீச்சர் பெத்தவ பேச்சுன்னு நினைப்பாங்க, நீங்க செஞ்சு காட்டினா ஏத்துக்குவாங்க' என்று அவரிடமே வெளிப்படையாகக் கேட்கலாம். இன்னொரு ஆசிரியர் செய்வதை நேரில் பார்க்கும்போது வரும் நம்பிக்கை வேறு எதிலும் வராது.

7. மற்றப் பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும்

பிள்ளைகள் கேட்பார்கள்: "ஏன் இவ இப்படி நடக்கிறா?" ஆசிரியர் அவர்கள் வாயை அடக்காமல் நேராகப் பதில் சொன்னால் போதும். பெற்றோர் புகார் வந்தால் தலைமையாசிரியர் தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை, பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர்கள்தான். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய பங்கு வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குழு மாற்றியமைக்கும்போது பெயர் கொடுங்கள். கழிப்பறைக் கைப்பிடி, சாய்தளம் பழுது போன்றவை அந்தக் கூட்டத் தீர்மானத்தில் ஏறினால் நகரும்.

8. செலவும் வரவும்

அரசுப் பள்ளியில் படிப்புச் செலவு இல்லை. உண்மையான செலவு போக்குவரத்தும் பயிற்சியும்தான். ஆட்டோ, தனியார் பேச்சுப் பயிற்சி என்று மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். அதனால் கிடைப்பதை விட்டுவிடாதீர்கள்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பயணப்படி, துணையாள் படி ஆகியவை உண்டு. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு ஊக்கத்தொகையும் உண்டு. பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்துவிடுங்கள், பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கல்வி உதவித்தொகைக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும், தானாகப் புதுப்பிக்காது. அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு போன்ற பிரிவினருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தனியாக உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பயன்தரும். பயிற்சிச் செலவையும் அதில் கேட்கலாம், ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள்.

தனியார் பள்ளியில் ஒரு பொறி. 'பிள்ளையோடு உட்கார ஒரு ஆளை நீங்களே சம்பளம் கொடுத்து வையுங்கள்' என்பார்கள். அந்தச் சம்பளம் பள்ளிக் கட்டணத்தையே தாண்டிவிடும். பணத்தைவிட இன்னொரு இழப்பு இருக்கிறது. அப்படி ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்ததும் வகுப்பாசிரியர் பிள்ளையை அவர் பொறுப்பில் விட்டுவிடுகிறார். தவிர்க்க முடியாமல் ஆள் வைத்தால் எத்தனை மாதம், எதற்காக என்று எழுதிக்கொள்ளுங்கள்.

9. பேச்சு பலிக்காதபோது

வரிசை முக்கியம். முதலில் தலைமையாசிரியருக்கு எழுத்தில். அசையவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அதற்குப் பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் மனு எண் கிடைக்கும், பதில் வந்தே ஆக வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் சொல்லலாம். எதிலும் நகராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்புங்கள். விசாரணையில் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. புகாருக்கு வழக்கறிஞர் தேவையில்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, ஒப்புகை நகல்களை இணைத்துப் பதிவஞ்சலில் அனுப்பினால் போதும். பிள்ளைக்கு எந்த உதவி ஒதுக்கப்பட்டது, ஏன் வரவில்லை என்று அறியத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.

அடி, அவமானம், பூட்டிவைத்தல் போன்றவை நடந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

10. ஏப்ரலில் செய்ய வேண்டியது

நல்ல ஆசிரியர் கிடைத்துவிட்டார் என்று ஓய்ந்துவிடாதீர்கள். மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு ஊருக்குப் போய்விடலாம். ஏப்ரல் கடைசியில், பள்ளி மூடும் முன், அடுத்த ஆசிரியருக்காக ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை, பிள்ளை இப்போது எங்கே நிற்கிறாள் என்று இருந்தால் போதும். பெற்றோர் எழுதியதைவிடச் சக ஆசிரியர் எழுதியதைப் புதியவர் நம்பிக்கையோடு படிப்பார். ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்குப் போகும்போது இது இரட்டிப்பு அவசியம். அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர், அத்தனை பேருக்கும் நகல் கொடுங்கள்.

பத்தாம் வகுப்பு தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். அரசுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், சில பிரிவினருக்கு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. ஆனால், தலைமையாசிரியர் வழியாக மருத்துவச் சான்றோடு தேர்வுக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே சான்றின் முடிவு தேதியைப் பார்த்துப் புதுப்பித்துவிடுங்கள். சொல்வதை எழுதுபவரோடு பரீட்சை எழுதிப் பழகுவதைப் பள்ளித் தேர்வுகளிலேயே தொடங்கச் சொல்லுங்கள். பழக்கமில்லாத பிள்ளைக்குப் பதில் தெரிந்திருந்தும் சொல்ல வராது. சலுகை கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலிலும் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.